வாயில் லைக்கன் பிளானஸ் இருந்தால் ஹெபடைடிஸ் சி சோதனை: எப்போது, எப்படி, பிறகு என்ன

கன்னத்தின் உட்புறம் வெள்ளைக் கோடுகள், ரசம் பட்டால் எரிச்சல், பல் துலக்கும்போது ஈறு உரிந்து ரத்தம் என்று வருகிறவர்களுக்கு நான் எழுதிக்கொடுக்கும் சீட்டில், வாய்க்குச் சம்பந்தமே இல்லாததுபோல் ஒரு ரத்தச் சோதனையும் இருக்கும்: ஆன்டி எச்.சி.வி., அதாவது கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸுக்கு எதிரான எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. சீட்டைப் படித்ததும் பலருக்கு முகம் வாடிவிடுகிறது. "வாய்ப்புண்ணுக்கு எதற்கு டாக்டர் கல்லீரல் டெஸ்ட்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வெளியே ஆட்கள் காத்திருக்கும்போது இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் அல்ல. அதனால் உட்கார்ந்து விரிவாக எழுதுகிறேன்.

நான் கும்பகோணத்தில் பல் மருத்துவர். வாய் நோய்களுக்கான மேற்படிப்புப் படித்தவள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேலே சொன்ன வெள்ளைக் கோடுகளும் புண்ணும் வரும் நோயான லைக்கன் பிளானஸ் இருக்கிற பெரும்பாலோருக்கு ஹெபடைடிஸ் சி இருக்காது. இருந்தாலும், வாழ்க்கையில் ஒரு தடவையாவது அந்தச் சோதனையைச் செய்துவிட வேண்டும். பல ஆண்டுகள் சத்தமே இல்லாமல் கல்லீரலை அரிக்கும் இந்தத் தொற்றை இன்று மூன்று மாத மாத்திரையில் ஒழித்துவிடலாம். அப்படிப்பட்ட நோயைத் தேடிப் பார்க்காமல் விடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

முதலில் அது லைக்கன் பிளானஸ்தானா?

பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, கழுவிய ஸ்பூனின் காம்பால் கன்னத்தை வெளிப்புறமாக விலக்கிப் பாருங்கள். கடைவாய்ப் பற்களுக்கு எதிரே, சிவந்த சதைமேல் மெல்லிய வெள்ளை இழைகள் ஒன்றோடொன்று பின்னி, வலை விரித்ததுபோல் படர்ந்திருக்கும். சுத்தமான துணியால் துடைத்தாலும் போகாது. துடைத்தால் உரிந்து வருவது பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. இந்தக் கோடுகளை 1895இல் விவரித்த பிரெஞ்சு மருத்துவர் விக்கமின் பெயரால் விக்கம் கோடுகள் என்கிறோம். கோடு மட்டும் இருந்தால் பலருக்கு வலியே இருக்காது. பல் அடைக்க வந்த இடத்தில் நாங்கள்தான் கண்டுபிடித்துச் சொல்வோம். நடுவில் சிவந்து, மேல்தோல் தேய்ந்து, புண்ணாகிவிட்டால்தான் தொல்லை. சிலருக்கு ஈறு மட்டும் சிவந்து, மெழுகு தடவியதுபோல் பளபளவென்று உரியும்.

இது தொற்றுநோய் அல்ல. கிருமியை அழிக்க வேண்டிய டி செல்கள் என்னும் வெள்ளை அணுக்கள் வாயின் மேல்தோலின் அடி அடுக்கையே தாக்குவதால் வருகிறது. நாற்பதைக் கடந்த பெண்களிடம் அதிகம் காண்கிறோம். உலக அளவில் ஏறக்குறைய நூறு பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

வழக்கமாக இரண்டு கன்னங்களிலும் ஒரேபோல் வரும். ஒரு பக்கம் மட்டும் இருந்தால் நான் வேறு கேள்விகள் கேட்பேன். வெற்றிலைக்குப் பேர்போன ஊரில் உட்கார்ந்திருக்கிறேன். சுண்ணாம்பும் பாக்கும் சேர்த்து ஒரே கன்னத்தில் அடக்கி வைத்துக்கொள்கிறவர்களுக்கு, அடக்கிய இடத்தில் மட்டும் இதே மாதிரிக் கோடு விழும். பழைய வெள்ளி அடைப்பை ஒட்டி, அது உரசும் இடத்தில் மட்டும் வரலாம். ரத்தக் கொதிப்பு மாத்திரைகள் சிலவும், மூட்டுவலிக்கு விழுங்கும் மாத்திரைகள் சிலவும் இதே தோற்றத்தை உண்டாக்கும். அதனால் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது வீட்டிலிருக்கும் மாத்திரை டப்பாவை அப்படியே கையோடு எடுத்துப் போங்கள். சந்தேகப்பட்டு நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்த வேண்டாம்.

சந்தேகம் இருந்தால் பயாப்சி எடுக்க வேண்டும். "கத்தி பட்டால் பரவிவிடும்" என்று அஞ்சி ஓடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எடுப்பது நான்கைந்து மில்லிமீட்டர் துண்டு. மரத்துப்போக ஊசி, ஒன்றிரண்டு தையல், ஒரு வாரத்தில் ஆறிவிடும். கத்தி பட்டதால் எதுவும் பரவுவதில்லை. லைக்கன் பிளானஸ் உள்ளவர்களில் நூற்றில் ஏறக்குறைய ஒருவருக்குக் காலப்போக்கில் அந்த இடத்தில் புற்றுநோய் வரக்கூடும் என்பதால், எடுக்காமல் விடுவதில்தான் ஆபத்து. ஈறு மட்டும் உரிகிறவர்களுக்குப் பெம்ஃபிகஸ், பெம்ஃபிகாய்டு போன்ற கொப்புள நோய்களும் இதே வேடத்தில் வரும். அவற்றைப் பிரித்தறிய இம்யூனோஃபுளோரசன்ஸ் சோதனைக்கு இன்னொரு துண்டு தேவைப்படலாம். கேட்டால் மறுக்காதீர்கள்.

வாய்க்கும் கல்லீரலுக்கும் என்ன தொடர்பு?

ஹெபடைடிஸ் சி வைரஸை அடையாளம் கண்டதே 1989இல்தான். அந்தத் துறையில் உழைத்த ஹார்வி ஆல்டர், மைக்கேல் ஹௌட்டன், சார்லஸ் ரைஸ் ஆகிய மூவருக்கும் 2020இல் நோபல் பரிசு கிடைத்தது. வைரஸ் பிடிபட்ட இரண்டே ஆண்டில், 1991இல், இந்தத் தொற்றும் லைக்கன் பிளானஸும் ஒரே நோயாளியிடம் சேர்ந்திருப்பதாக முதல் மருத்துவக் குறிப்பு வெளியானது. பிறகு இத்தாலியிலும் ஜப்பானிலும் தேடத் தேட, லைக்கன் பிளானஸ் நோயாளிகளிடம் ஹெபடைடிஸ் சி மற்றவர்களைவிடப் பல மடங்கு கூடுதலாக இருப்பது தெரிந்தது. பிரிட்டனில் தேடினார்கள்; அப்படியொன்றும் தெரியவில்லை.

ஊருக்கு ஊர் ஏன் இந்த வேறுபாடு? வைரஸ் அதிகம் புழங்கும் நாட்டில் இரண்டும் தற்செயலாகச் சேர்ந்து தெரிகிறது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் எகிப்து அந்த விளக்கத்துக்குக் கட்டுப்படவில்லை. அங்கே பில்ஹார்சியா என்ற ஒட்டுண்ணி நோயை ஒழிக்க 1950கள் தொடங்கிப் பல்லாண்டுகள் ஊர் ஊராக ஊசி போட்டார்கள். சரியாகச் சுத்தம் செய்யாத அந்த ஊசிகள் வழியே ஹெபடைடிஸ் சி பரவி, உலகிலேயே அதிகம் பாதிக்கப்பட்ட நாடுகளில் ஒன்றாக எகிப்து ஆனது. அவ்வளவு வைரஸ் இருந்தும், அங்கே லைக்கன் பிளானஸுடன் தொடர்பு அழுத்தமாகத் தெரியவில்லை. ஆக, வைரஸ் மட்டும் போதாது. உடலின் மரபும் ஒத்துப்போக வேண்டும் என்று தோன்றுகிறது. இத்தாலிய நோயாளிகளில் இரண்டும் சேர்ந்து வந்தவர்களிடம் எச்.எல்.ஏ. டி.ஆர்.6 என்ற மரபணு வகை கூடுதலாக இருந்தது இதற்கு ஒரு சான்று.

உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதற்கும் ஓரளவு விடை கிடைத்திருக்கிறது. ஹெபடைடிஸ் சி உள்ள லைக்கன் பிளானஸ் நோயாளிகளின் வாய்த் திசுவை இத்தாலியில் ஆராய்ந்தபோது, அந்த வைரஸை குறிவைக்கப் பழகிய டி செல்கள் ரத்தத்தில் இருப்பதைவிடச் செறிவாகப் புண்ணில் குவிந்திருந்தன. வைரஸின் மரபுப்பொருளையும் வாய்த் திசுவில் கண்டிருக்கிறார்கள். ஆனால் புண்ணே இல்லாத வாயிலும் அது கிடைத்திருக்கிறது. வைரஸ் நேரடியாகச் சதையைத் தின்பதாகத் தெரியவில்லை. அதைத் துரத்தி வந்த படை வாயில் தங்கிச் சேதம் செய்கிறது என்றே நான் புரிந்துகொள்கிறேன். இந்தத் தொடர்பைத் திருப்பிப் போட்டுப் பயப்பட வேண்டாம்: லைக்கன் பிளானஸ் கல்லீரலைக் கெடுக்காது.

நம் நாட்டு ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. சிலவற்றில் தொடர்பு தெரிகிறது, சிலவற்றில் இல்லை. இந்தியாவில் ஹெபடைடிஸ் சி மொத்தத்தில் குறைவு. பஞ்சாப் போன்ற சில பகுதிகளில்தான் கூடுதல். "அப்படியானால் எல்லோருக்கும் ஏன் எழுதுகிறீர்கள்?" என்று சக மருத்துவர்களே என்னிடம் கேட்பதுண்டு. தனியார் லேப்பில் சில நூறு ரூபாய், அரசு மருத்துவமனையில் இலவசம், ஒரு சிறு குழாய் ரத்தம். இதற்கு மேல் ஒரு காரணமும் இருக்கிறது. அதை நோயாளிகளிடம் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

வாய்க்கான மருந்தே கல்லீரலில் வந்து நிற்கும்

களிம்புக்கு அடங்காத லைக்கன் பிளானஸுக்கு ஸ்டீராய்டு மாத்திரை, அசதயோபிரின், மெத்தோட்ரெக்சேட் போன்றவற்றை எழுதுவார்கள். எல்லாமே எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கும் மருந்துகள். உள்ளே ஹெபடைடிஸ் சி இருப்பது தெரியாமல் ஸ்டீராய்டு மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கினால் வைரஸின் அளவு ஏறக்கூடும். மெத்தோட்ரெக்சேட் தானாகவே கல்லீரலைப் புண்படுத்தக்கூடியது. ஹெபடைடிஸ் பி இருந்தால் இன்னும் மோசம். அடங்கிக் கிடந்த பி வைரஸ் சீறி எழுந்து கல்லீரலைச் செயலிழக்க வைத்துவிடக்கூடும். ஆகவே உங்கள் வாய்க்காக யாராவது ஸ்டீராய்டு மாத்திரை எழுதினால், முதல் மாத்திரையை விழுங்கும் முன் இந்த இரண்டையும் கேளுங்கள்: ஆன்டி எச்.சி.வி., ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்று காட்டும் ஹெச்.பி.எஸ். ஆன்டிஜென். மருத்துவர் அவசரத்தில் மறந்திருந்தாலும் நீங்கள் நினைவூட்டலாம். அது மரியாதைக் குறைவு ஆகாது.

மேலே பூசும் களிம்புக்கு இந்தப் பயம் தேவையில்லை. தாராளமாகத் தொடங்கலாம்.

எதற்கும் "எல்.எஃப்.டி. எடுத்தேன், நார்மல்" என்ற பதில் போதாது. எல்.எஃப்.டி. என்பது கல்லீரல் செயல்பாட்டைப் பார்க்கும் ரத்தச் சோதனை. ஹெபடைடிஸ் சி உள்ளவர்களுக்கு அதில் பார்க்கும் எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் என்சைம் ஏறும், இறங்கும், சில மாதம் சரியாகவே இருக்கும். கண் மஞ்சளாகவில்லை என்பதும் சான்று அல்ல. இந்தத் தொற்று பெரும்பாலும் காமாலை காட்டாமலே உடலில் நுழைந்து, காமாலை காட்டாமலே இருபது முப்பது ஆண்டுகள் தங்கிவிடும்.

பழைய கதையைத் தோண்டி எடுங்கள்

சோதனைக்கு முன்னோ பின்னோ, உங்களுக்கு எப்போதாவது பிறர் ரத்தம் உடலில் பட வாய்ப்பு இருந்ததா என்று யோசியுங்கள். ஹெபடைடிஸ் சி ரத்தத்தின் வழியேதான் பரவுகிறது. நம் நாட்டில் ரத்த வங்கிகளில் ஒவ்வொரு பாட்டிலையும் இதற்குச் சோதிக்க வேண்டும் என்பது 2000களின் தொடக்கத்தில்தான் கட்டாயமாயிற்று. அதற்கு முன் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், டயாலிசிஸ் செய்கிறவர்கள், ஒரே ஊசியைப் பலருக்குப் போட்ட இடத்தில் ஊசி போட்டுக்கொண்டவர்கள், திருவிழாக் கூட்டத்தில் பச்சை குத்திக்கொண்டவர்கள், போதை ஊசி பழகியவர்கள், மருத்துவமனையில் வேலை பார்த்து ஊசி குத்துப் பட்டவர்கள் ஆகியோருக்குச் சோதனை தட்டிக்கழிக்கக் கூடாத ஒன்று.

இந்த நினைவு தனியாக உட்கார்ந்தால் வராது. ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மா வந்திருந்தார். இரண்டு கன்னத்திலும் கோடு, நாக்கின் ஓரத்தில் புண். சாப்பாட்டு நேரம் வந்தாலே அழுகை வருகிறது என்றார். வீட்டில் எல்லோரும் வத்தக்குழம்பு சாப்பிட, இவர் மட்டும் தயிர்சாதத்தைக் குழைத்து விழுங்கிக்கொண்டிருந்தார். ரத்தம் ஏற்றியிருக்கிறார்களா என்று கேட்டேன். "இல்லவே இல்லை" என்றார். கூட வந்திருந்த அக்கா குறுக்கிட்டார்: "என்னடி இல்லை என்கிறாய்? சின்னவன் பிறந்தபோது உனக்கு இரண்டு பாட்டில் ஏற்றினார்களே. அப்பாதானே ராத்திரியில் ஆள் தேடி அலைந்தார்!" மயக்கத்தில் கிடந்தவருக்கு அது எப்படி நினைவிருக்கும்? பிரசவம், விபத்து, கர்ப்பப்பை அறுவைச் சிகிச்சை ஆகியவற்றின்போது என்ன நடந்தது என்பது பக்கத்தில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். அம்மாவை, அக்காவை, கணவரைக் கேளுங்கள். பழைய டிஸ்சார்ஜ் சீட்டு பரணில் இருந்தால் எடுத்துப் பாருங்கள்.

எதுவும் நினைவுக்கு வரவில்லையா? பரவாயில்லை, சோதனையைச் செய்யுங்கள். ஹெபடைடிஸ் சி உள்ளவர்களில் பலருக்குத் தொற்று எங்கிருந்து வந்தது என்பது கடைசிவரை தெரிவதே இல்லை. யாரையும் குற்றம் சொல்ல இதில் இடமில்லை.

ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி

முதல் சோதனை ஆன்டி எச்.சி.வி. வெறும் வயிற்றில் வர வேண்டியதில்லை. அரசு மருத்துவமனைகளில் அட்டைச் சோதனையாகவோ எலைசா என்ற லேப் சோதனையாகவோ செய்வார்கள். "நான்-ரியாக்டிவ்" என்று வந்தால் பெரும்பாலும் கதை முடிந்தது. வாய்க்கான வைத்தியத்தைப் பார்த்துக்கொண்டு போகலாம். சமீபத்தில்தான் ஆபத்தான ஊசியோ ரத்தமோ பட்டது என்றால் மட்டும் மூன்று மாதம் கழித்துத் திரும்ப எடுங்கள், ஏனென்றால் எதிர்ப்பொருள் உருவாக இரண்டு மூன்று மாதங்கள் பிடிக்கும். டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தவர்களுக்கும் இந்தச் சோதனை ஏமாற்றலாம். அவர்கள் நேரடியாக, வைரஸையே தேடும் ஆர்.என்.ஏ. சோதனைக்குப் போவது நல்லது.

"ரியாக்டிவ்" என்று வந்தால் பதற வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன். ரியாக்டிவ் என்றால் உங்கள் உடல் என்றோ ஒருநாள் இந்த வைரஸைச் சந்தித்திருக்கிறது என்று பொருள். இன்னும் வைரஸ் இருக்கிறதா என்பதை அது சொல்லாது. தொற்று ஏற்பட்டவர்களில் 15 முதல் 45 சதவீதம் பேர் எந்த மருந்தும் இல்லாமல் ஆறு மாதத்துக்குள் வைரஸை வெளியேற்றிவிடுகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இன்னும் சிலருக்குச் சோதனையே தவறாகக் காட்டியிருக்கும். ரிப்போர்ட்டில் சிக்னல், கட்-ஆஃப் விகிதம் என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். ஒன்றைச் சற்றே தாண்டியிருந்தால் தவறான பாசிட்டிவாக இருக்க வாய்ப்பு கூடுதல்.

உண்மையைச் சொல்வது இரண்டாவது சோதனை: எச்.சி.வி. ஆர்.என்.ஏ., வைரல் லோடு என்றும் சொல்வார்கள். தனியாரில் ஆயிரங்களில் செலவாகும், அரசுத் திட்டத்தில் இலவசம். "டார்கெட் நாட் டிடெக்டெட்" என்று வந்தால் வைரஸ் இல்லை. எண் போட்டு வந்தால் இருக்கிறது. இருபது லட்சம், ஐம்பது லட்சம் என்று எண்ணைப் பார்த்து மயங்கி விழ வேண்டாம். எண் பெரிதாக இருப்பதற்கும் கல்லீரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதற்கும் நேர்த்தொடர்பு இல்லை. இரண்டு சோதனைக்கும் நடுவில் உறவுக்காரர்கள் அனைவருக்கும் செய்தி பரப்பிவிட்டுப் பிறகு ஆர்.என்.ஏ. இல்லை என்று வந்தவர்களும் உண்டு. ஆர்.என்.ஏ. வரும்வரை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

வைரஸ் இருந்தால்

இனிமேல் கல்லீரல், இரைப்பை மருத்துவரின் வேலை. நான் அனுப்பிவைப்பேன், கூடவே வாயைப் பார்த்துக்கொள்வேன். நம் நாட்டில் தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 ஜூலை 28 முதல் நடக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் விசாரித்தால் சிகிச்சை மையம் எது என்று சொல்வார்கள். சோதனையும் மருந்தும் இலவசம். ஆதார் நகல், முதல் ரிப்போர்ட், மாத்திரை டப்பா மூன்றையும் கொண்டுபோங்கள்.

கல்லீரல் எவ்வளவு தடித்திருக்கிறது என்பதை முதலில் கணிப்பார்கள். இதற்கு, கல்லீரலின் தடிப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் கருவி இருந்தால்தான் ஆகும் என்றில்லை. வயது, எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்னும் இரண்டு கல்லீரல் என்சைம்கள், ரத்தத் தட்டணுக்கள் எண்ணிக்கை ஆகிய நான்கை வைத்தே ஃபிப்-4 என்ற மதிப்பீட்டைக் கணக்கிடலாம். தடிப்பு முற்றாதவர்களுக்கு வழக்கமாக சோஃபோஸ்புவிர், டக்லட்டஸ்விர் மாத்திரைகள், தினம் ஒருவேளை, 12 வாரம். கல்லீரல் தழும்பேறி இறுகும் சிரோசிஸ் வந்திருந்தால் சோஃபோஸ்புவிருடன் வெல்பட்டஸ்விர், தேவைப்பட்டால் ரிபாவிரினும். சிரோசிஸ் முற்றாதவர்களில் நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்குமேல் குணமாகிவிடுகிறது. முன்பு இன்டர்ஃபெரான் ஊசி போட்ட காலத்தில் காய்ச்சலும் உடல்வலியும் போதாதென்று, சிலருக்கு வாயில் லைக்கன் பிளானஸ் கிளம்பும் அல்லது முற்றும். அந்த ஊசிக் கதையை எங்கோ கேட்டுவிட்டு இன்றைய மாத்திரைக்கு அஞ்சுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது. இது அது அல்ல.

மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டியவை: இதயத் துடிப்புக்கு அமியோடரோன் சாப்பிடுகிறீர்களா, காசநோய்க்கு ரிஃபாம்பிசின், வலிப்புக்கு ஃபெனிடாய்ன், கார்பமசிப்பின் எடுக்கிறீர்களா, வயிற்றெரிச்சலுக்குத் தினமும் மாத்திரை போடுகிறீர்களா. எல்லாமே இந்த மருந்துகளோடு மோதக்கூடியவை. சர்க்கரை நோயாளிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லைக்கன் பிளானஸ் நோயாளிகளில் சர்க்கரை உள்ளவர்கள் பலர் என்பதால் சொல்கிறேன். வைரஸ் குறையக் குறைய ரத்தச் சர்க்கரையும் இறங்கலாம். பழைய அளவு இன்சுலினையே போட்டுக்கொண்டிருந்தால் தாழ்சர்க்கரையில் மயக்கம் வரும். வீட்டில் அடிக்கடி சோதித்துப் பாருங்கள்.

கீழாநெல்லி போதாதா என்று கேட்பார்கள். ஹெபடைடிஸ் சி வைரஸை அது ஒழிப்பதில்லை. மாத்திரை நடக்கும் 12 வாரத்தில் எந்தச் சூரணமும் கஷாயமும் மருத்துவருக்குத் தெரியாமல் சேர்க்க வேண்டாம். மதுவை முழுமையாக விட்டுவிடுங்கள். அது வாய்க்கும் ஆகாது, கல்லீரலுக்கும் ஆகாது.

மருந்து முடிந்த 12 வாரம் கழித்து மறுபடி ஆர்.என்.ஏ. எடுக்க வேண்டும். அதில் வைரஸ் இல்லை என்றால்தான் குணம். பலர் மருந்து முடிந்ததும் இந்தக் கடைசிச் சோதனைக்குப் போவதில்லை, தயவுசெய்து போங்கள். ஒரு விஷயம் நினைவிருக்கட்டும்: குணமான பிறகும் ஆன்டி எச்.சி.வி. ஆயுள் முழுவதும் ரியாக்டிவ் என்றே காட்டும். அறுவைச் சிகிச்சைக்கு முன்போ வெளிநாட்டு வேலை மருத்துவச் சோதனையிலோ அது பிரச்சினையாகும். ஆர்.என்.ஏ. இல்லை என்ற ரிப்போர்ட்டின் நகலை எப்போதும் கையில் வைத்திருங்கள். குணமானாலும் மறுபடி தொற்று வரலாம். இதற்குத் தடுப்பூசி கிடையாது.

வாய் சரியாகிவிடுமா?

மாத்திரை தொடங்கும்போதே எல்லோரும் கேட்கும் கேள்வி இது. சிலருக்கு வைரஸ் போனதும் புண் ஆறி, கோடுகளும் மங்கியதாக ஜப்பானிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வந்த அறிக்கைகள் இருக்கின்றன. சிலருக்குக் கோடு அப்படியே நிற்கிறது. வாய்க்காக மட்டும் என்று எண்ணி மாத்திரை எடுத்தால் ஏமாற்றமாகலாம். கல்லீரலுக்காக எடுங்கள், வாய்க்கு நன்மை வந்தால் கூடுதல் லாபம்.

வைரஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் களிம்பைச் சரியாகப் போடப் பழகுங்கள். டிரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு களிம்பை வாங்கி வைத்துக்கொண்டு "கேட்கவே இல்லை" என்கிறவர்களை என் முன்னாலேயே ஒருமுறை போட்டுக் காட்டச் சொல்வேன். எச்சில் ஊறிய கன்னத்தில் விரலால் பரபரவென்று தேய்ப்பார்கள். களிம்பு மணல்மணலாகத் திரண்டு உதிர்ந்து வயிற்றுக்குள் போய்விடும். சாப்பிட்டு, கொப்பளித்த பிறகு, சுத்தமான துணியால் அந்த இடத்தின் ஈரத்தை ஒற்றி எடுங்கள். பயறு அளவு களிம்பை விரல் நுனியில் எடுத்து, தேய்க்காமல் ஒத்தி ஒத்தி வையுங்கள். வழுவழுவென்று ஒரு படலம் பிடிக்கும். அரை மணி நேரம் தண்ணீரும் வேண்டாம். இரவு படுக்கும் முன் போடுவது கட்டாயம், ஏனென்றால் தூக்கத்தில் எச்சில் குறைந்து மருந்து நின்று வேலை செய்யும். சில வாரங்களில் துடைத்தால் உரியும் வெண்படலமோ புதிய எரிச்சலோ வந்தால் பூஞ்சையாக இருக்கும். நிறுத்திவிட்டு வந்து காட்டுங்கள்.

மிளகாய், புளி, ஊறுகாய், அப்பளத்தின் கூர்முனை ஆகியவை எரிச்சல் அடங்கும்வரை வேண்டாம். நுரை அதிகம் வராத, லவங்கப்பட்டை வாசம் இல்லாத மென்மையான பற்பசைக்கு மாறுங்கள். ஈறு எரிகிறது என்று பல் துலக்குவதையே விட்டுவிடுகிறார்கள். காரை படிந்தால் ஈறு இன்னும் மோசமாகும். மிருதுவான பிரஷ்ஷால் மெதுவாகத் துலக்குங்கள். வெற்றிலை, பாக்கு, புகையிலை மூன்றும் அறவே கூடாது. இரண்டு வாரம் கடந்தும் ஆறாத புண், தொட்டால் கட்டியாகத் தென்படும் இடம், உதடோ நாக்கோ மரத்துப்போவது ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் உடனே வாருங்கள். ஒன்றும் இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறையோ இரண்டு முறையோ வாயைக் காட்டியாக வேண்டும். வைரஸ் போய்விட்டது என்பதற்காக அதை நிறுத்தக் கூடாது. சிரோசிஸ் வந்திருந்தவர்கள் குணமான பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கல்லீரல் ஸ்கேன் எடுக்க வேண்டும்.

வீட்டிலும் பல் நாற்காலியிலும்

ஹெபடைடிஸ் சி என்றதும் தட்டையும் டம்ளரையும் ஒதுக்கி வைக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். பேரக்குழந்தையைத் தூக்க விடாத மருமகள்களும் மகன்களும் இருக்கிறார்கள். இது கொடுமை, தேவையும் இல்லாத கொடுமை. ஒரே தட்டில் சாப்பிடுவதால், கட்டிப்பிடிப்பதால், முத்தமிடுவதால், இருமலால் இது பரவாது. சமைத்துப் போடலாம், பிள்ளைக்குப் பால் கொடுக்கலாம். ரத்தம் படும் பொருட்களை மட்டும் பிரித்து வையுங்கள்: பல் பிரஷ், ரேசர், நகவெட்டி. ஈறு உரிந்து ரத்தம் கசியும் லைக்கன் பிளானஸ் உள்ளவரின் பிரஷ்ஷை மற்றவர்களுடைய பிரஷ்கள் இருக்கும் டம்ளரில் போடாதீர்கள். கணவனும் மனைவியும் ஒருமுறை சோதித்துக்கொள்வது நல்லது. தாயிடமிருந்து பிள்ளைக்கு வர வாய்ப்பு குறைவுதான். ஆனாலும் பிள்ளைகளையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள், வளர்ந்தவர்களாக இருந்தாலும்.

உண்மையைச் சொன்னதற்காகப் பல் பிடுங்காமல் திருப்பி அனுப்பப்பட்டு, அழுதுகொண்டே என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் கருவிகளை ஆட்டோகிளேவில் சுத்தம் செய்கிற இடத்தில் இந்த நோயாளிக்கென்று தனி ஏற்பாடு எதுவும் தேவையில்லை. மறுப்பதற்கு மருத்துவக் காரணமே கிடையாது. ஆனாலும் நோயை மறைக்காதீர்கள், உங்கள் நன்மைக்காகவே சொல்லுங்கள். கல்லீரல் தடித்தவர்களுக்குத் தட்டணுக்கள் குறைந்து, பல் பிடுங்கிய குழியில் ரத்தம் நிற்காமல் வரக்கூடும். முன்கூட்டியே தெரிந்தால் தட்டணு எண்ணிக்கையும், ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் பி.டி., ஐ.என்.ஆரும் பார்த்துவிட்டு, தையலுக்கு ஏற்பாடு செய்துகொண்டு தொடங்குவோம். வலிக்கு எந்த மாத்திரை, எத்தனை என்பதும் அதைப் பொறுத்தே மாறும். அடுத்த முறை பல் மருத்துவரிடம் போகும்போது ஆர்.என்.ஏ. ரிப்போர்ட், கடைசியாக எடுத்த தட்டணு எண்ணிக்கை, இப்போது சாப்பிடும் மாத்திரைகள், பயாப்சி ரிப்போர்ட் ஆகிய நான்கையும் ஒரே கவரில் போட்டு, நாற்காலியில் உட்காரும் முன்பே கையில் கொடுத்துவிடுங்கள்.